மெய்ப்பாடும் தோலின் மின்குறியும்

உள்ளத்து நிகழ்ச்சி உடலிற் புலப்படும் என்பது தமிழிலக்கணத்திற்குப் புதிய செய்தி அன்று. தொல்காப்பியப் பொருளதிகாரம் அதற்கென்றே மெய்ப்பாட்டியல் என ஓர் இயலை வகுத்துள்ளது. அவ்வியலுள் வியர்த்தல் என்னும் மெய்க்குறி ஈரிடத்து வருகின்றது. அவ்வியர்வையையே மின்கருவி கொண்டு அளந்து, அளந்த எண்ணிலிருந்து மனக்கிளர்ச்சியைக் கணிக்கும் ஆராய்ச்சி, மேனாட்டு உளவியலாரிடத்தும் உடலியலாரிடத்தும் நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நடந்து வருகின்றது. இவ்விரண்டனையும் ஒருங்கு வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். 'மேனாட்டார் இன்று கண்டதைத் தொல்காப்பியர் அன்றே கண்டார்' என்று முழங்குதல் இதன் கருத்து அன்று. பெருமிதமும் எண்வகை மெய்ப்பாட்டுள் ஒன்றே எனினும், ஆராய்ச்சிக்கு அது நிலைக்களன் ஆகாது. வியர்வை என்னும் ஒரு குறியைக் கொண்டு ஒருவர் உள்ளத்தை எவ்வளவு அறிதல் கூடும், எவ்வளவு கூடாது என்பதே ஈண்டு ஆராயப்படும் வினா. அவ்வினா இலக்கண வகுப்போடு நின்றுவிடுவது அன்று. நீதிமன்றம் வரை செல்வது.

முதற்கண், கருவி அளப்பது யாது என அறிதல் வேண்டும். மனிதத் தோலின் மேற்படை உலர்ந்த செதிலடுக்கு. அது மின்னோட்டத்தை எளிதிற் செல்லவிடுவது அன்று. ஆயின் அப்படையை ஊடுருவிப் பல்லாயிரம் நுண்குழல்கள் மேலெழுகின்றன. அவை வியர்வைச் சுரப்பிகளின் வாய்கள். வியர்வை உப்புநீர் ஆதலின் மின்னோட்டத்தை நன்கு கடத்தும். குழல்களில் வியர்வை ஏறுந்தோறும் தோலின் தடை குறையும், இறங்குந்தோறும் மிகும். வியர்வை தோலின்மேல் துளியாக அரும்புதல் வேண்டும் என்பதில்லை. குழலினுள் ஏறிய அளவிலேயே கருவி அதனை உணர்ந்துவிடும். இவ்வுண்மையை உளங்கொள்க, பின்னர் வேண்டப்படும்.

அளக்கும் முறை எளிது. வெள்ளியும் வெள்ளிக் குளோரைடும் கொண்ட சிறு மின்வாய்கள் இரண்டினை ஒரு கையின் இரு விரல்களிலோ உள்ளங்கையிலோ பொருத்துவர். அவற்றிடையே அரை வோல்ட்டு அழுத்தத்தை மாறாது நிறுத்தி, ஓடும் மின்னின் அளவை நோக்குவர். அதனைக் கடத்துமை எனக் கொண்டு மைக்ரோசீமென்ஸ் என்னும் அலகாற் குறிப்பர். ஓய்ந்திருப்பார் ஒருவரிடத்து அது பெரும்பாலும் 2 முதல் 20 வரை அமையும். இது மெல்ல ஏறி இறங்கும் அடிநிலை. திடீரென ஓர் ஒலி எழினும், ஒருவர் பெயரைச் சொல்லி அழைப்பினும், 1 முதல் 3 நொடிக்குள் அவ்வடிநிலையின்மீது ஓர் அலை எழுந்து, சில நொடிகளில் உச்சியை எய்திப் பின் மெல்லத் தாழும். அடிநிலையை ஏரி நீர்மட்டம் எனின், இவ்வலையை அதில் எறிந்த கல்லின் விளைவு எனலாம். உளவியலார் பெரிதும் ஆராய்வது இவ்வலையையே.

இதன் வரலாறு விரிந்தது. வேண்டுவன மட்டும் கூறுதும். 1878இல் ஹெர்மன், லுக்ஸிங்கர் என்னும் இருவர் பூனையின் காற்புற நரம்பைத் தூண்டியவழி அதன் பாதத்தில் வியர்வையோடு மின்மாற்றமும் தோன்றுதலைக் கண்டனர். 1888இல் பாரிசில் சார்லஸ் பெரே, புறத்திருந்து சிறு மின்னோட்டத்தைச் செலுத்தி, ஒலி, மணம் முதலியவற்றால் தூண்டப்பெற்றோர் தோலின் தடை குறைதலைக் காட்டினார். அடுத்து, தார்க்கனாவ் என்னும் உடலியலார் புறமின் எதுவும் செலுத்தாமலே தோலின் இரு பகுதிகளுக்கிடையே மின்னழுத்த வேறுபாடு தோன்றுதலைக் கண்டார். மனக்கணக்குப் போடுதலும் கற்பனையில் ஒன்றை நினைத்தலுமே அதற்குப் போதியன என்றார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜூரிக் நகரத்து யுங் இக்கருவியைச் சொல்லாராய்ச்சிக்குப் பயன்படுத்தினார். சொற்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, எச்சொல்லைக் கேட்டவழி அலை பெரிதாகின்றது என நோக்கினார். ஒரு சொல் ஒருவர்க்கு வெறுஞ்சொல்லாகவும் மற்றொருவர்க்குப் புண்ணில் வேலாகவும் அமைதலைக் கருவி காட்டியது. நெடுங்காலம் ஒவ்வோர் ஆய்வுக்கூடமும் தனக்கென ஓர் அளவுமுறை வைத்திருந்தமையால் முடிபுகளை ஒப்பிடல் அரிதாயிற்று. 1971இல் லிக்கன், வெனபிள்ஸ் என்னும் இருவரும் மேலே கூறிய மாறா அழுத்த முறையை வற்புறுத்தியதன் பின்னரே இத்துறையில் ஒருமை தோன்றியது.

வியர்வை எல்லாம் ஒன்றன்று

வெப்பத்தால் வருவதும் வியர்வை. அச்சத்தால் வருவதும் வியர்வை. இரண்டனையும் வேறுபிரித்து விளக்கியவர் ஜப்பானிய உடலியலார் யாஸ் கூனோ. 1934இல் வெளிவந்த அவர் நூல் இத்துறைக்கு அடிப்படை. நம் ஊர்ப்புறத்தை வைத்தே இவ்வேறுபாட்டை விளக்கலாம்.

காவிரிக்கரையில் உள்ள ஜேடர்பாளையத்தில் ஆற்றின் குறுக்கே கட்டிய அணையும், அதிலிருந்து பிரியும் இராசவாய்க்காலும் அப்பக்கத்து வயல்களை வளம்படுத்துவன. அவற்றை அல்லாள இளைய நாயக்கர் பெயரோடு இணைத்து அப்பகுதி மக்கள் போற்றுவர். வாய்க்காற் பாசனத்தில் விளையும் கரும்பை ஆட்டி வெல்லம் காய்ச்சும் ஆலைகள் அங்குப் பல. சித்திரை வெயிலில், கொதிக்கும் கொப்பரையின் அருகே நின்று பாகு கிண்டுவானை நோக்குக. அவன் நெற்றியிலும் மார்பிலும் முதுகிலும் வியர்வை வழியும். அது உடலின் சூட்டைத் தணித்தற்கு வந்தது. உள்ளத்தைப் பற்றி அது கூறுவது ஒன்றும் இல்லை. அவனையே, வேனில் கழிந்த ஒரு குளிர்ந்த மாலையில் காவலர் ஒருவர் வாயிலில் நின்று பெயர் சொல்லி அழைக்கட்டும். நெற்றி உலர்ந்திருப்பினும் உள்ளங்கை நனையும். உள்ளங்கை, உள்ளங்கால் ஆகியவற்றின் சுரப்பிகள் வெப்பத்தினும் மனக்கிளர்ச்சிக்கே பெரிதும் இயங்குவன என்பது கூனோவின் முடிபு. நெற்றியோ இரண்டற்கும் பொது. ஆய்வாளர் உள்ளங்கையையும் விரலையும் தேர்ந்தெடுத்தற்குக் காரணம் இதுவே.

இச்சுரப்பிகளை இயக்குவன பரிவு நரம்புகள். அந்நரம்புகள் தம் முனையிற் பொதுவாக நோரட்ரீனலின் என்னும் பொருளைச் சுரந்து செயற்படுவன. வியர்வைச் சுரப்பிக்குச் செல்வன மட்டும் அசிட்டைல்கோலினைச் சுரக்கின்றன. இலக்கண நூலார் இதனைப் புறனடை என்பர். இதயத்துடிப்பைப் போலப் பரிவு நரம்பும் எதிர்ப்பரிவு நரம்பும் ஆகிய இரண்டன் ஆட்சிக்கும் உட்படாமல், பரிவு நரம்பு ஒன்றற்கே உட்படுதலால் வியர்வைச் சுரப்பி தெளிவான குறியாகின்றது. ஆய்வாளர் இதனை விரும்புதற்கு இதுவும் ஒரு காரணம்.

இருப்பினும் குறியைப் பொதுவாக்குதல் எளிதன்று. பிறந்த முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் குழந்தை வாழும் தட்பவெப்பமே அதன் உடலில் எத்தனை சுரப்பிகள் செயற்படும் என்பதை வரையறுக்கின்றது எனக் கூனோ காட்டினார். கரும்பு வெட்டி வெட்டிக் காய்ப்பேறிய கையில் மேற்படை தடித்திருக்கும், கடத்துமை வேறுபடும். ஆகவே மேனாட்டுப் பல்கலைக்கழக மாணவரின் மெல்லிய விரல்களில் அளந்து வகுத்த எண்களை நம் உழவர் கைக்கு அப்படியே ஏற்றுதல் தவறு. நாமக்கல் வேனிலில் குளிரூட்டாத அறையில் அளத்தல் அதனினும் பெருந்தவறு. ஆழ மூச்சு ஒன்று இழுத்தாலே அலை எழும், இருமினாலும் எழும். எத்தூண்டலும் இன்றி, ஓய்ந்திருக்கும்போதே நிமிடத்திற்கு ஒன்றிரண்டு அலைகள் தாமே எழுதலும் உண்டு.

நான்கில் ஒன்று

இனி இலக்கணத்திற்கு வருவோம். மெய்ப்பாட்டியலின் தொடக்கத்தில் தொல்காப்பியர் 32 பொருள் கூறி, அவற்றை 16 ஆக்கி, மேலும் 8 ஆக்குகின்றார். எட்டாவன நகை முதல் உவகை ஈறாக நாம் நன்கறிந்தவை. அவ்வெட்டும் நான்கு நான்காக விரிந்து 32 ஆகும் வகையை உரையாசிரியர்கள் விளக்குகின்றனர். சுவைக்கப்படும் பொருள் ஒன்று. அதனைப் பொறி உணர்ந்த உணர்வு ஒன்று. அதன்வழி உள்ளத்து நிகழும் குறிப்பு ஒன்று. அக்குறிப்பால் உடலில் தானே எழும் சத்துவம் ஒன்று. இறுதியதனை விறல் எனவும் கூறுவர். நாவும் வேம்பும் கூடியவழியன்றிக் கைப்புத் தோன்றாது என்பது அவர்கள் காட்டும் உவமை. அச்சத்திற்குப் புலி முதலியவற்றைக் கண்டு அஞ்சினானை எடுத்துக்காட்டுவர். புலி பொருள், கண்டது உணர்வு, மயங்கி மறைய முயலுதல் குறிப்பு, நடுக்கமும் வியர்ப்பும் சத்துவம். இளம்பூரணர் மேற்கோளாகத் தரும் செயிற்றியமும் சத்துவ வகையுள் மயிர்சிலிர்த்தலோடு வியர்த்தலையும் எண்ணுகின்றது.

இந்நான்கனுள் மின்கருவி தொடுவது எது? இறுதியாகிய சத்துவம் ஒன்றே. அதனுள்ளும் வியர்ப்பு ஒன்றே. ஏனைய மூன்றும் கருவிக்குப் புறத்தே நிற்கின்றன. அலை எழுந்தது என்று கருவி கூறும். புலியைக் கண்டு எழுந்ததா, தலைவியைக் கண்டு எழுந்ததா என்று கூறாது. உளவியலாரும் இதனை மறுப்பதில்லை. தோலின் மின்மாற்றம் கிளர்ச்சியின் அளவைக் காட்டும், கிளர்ச்சியின் வகையைக் காட்டாது என்பது அவர்களிடத்துப் பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. வெகுளியும் உவகையும் இளிவரலும் மருட்கையும் அத்தாளில் ஒரே வடிவக் கோடுகளாக நிற்கும். அளவு உண்டு, பெயர் இல்லை.

மற்றொரு நுட்பமும் உண்டு. மெய்ப்பாடாவது புறத்தார்க்குப் புலப்படும் வகையில் வெளிப்படுவது எனப் பேராசிரியர் கருதுகின்றார். காண்போர் இன்றி மெய்ப்பாடு இல்லை. குழலினுள் ஏறித் துளியாகாது அடங்கும் வியர்வையையும் கருவி பதிவு செய்யும் என மேலே கூறினோம். அது கண்ணுக்குப் புலனாகாதது; எனவே இலக்கண வரையறைப்படி மெய்ப்பாடே அன்று. 'மெய்ப்பாட்டை அளக்கும் கருவி' என இக்கருவிக்குச் சிலர் தமிழ்ப்பெயர் சூட்டக் கேட்டதுண்டு. பெயர் அழகியது, பொருத்தம் இல்லை. தோற்கடத்துமை அளவி என்பது வறட்சியாகத் தோன்றினும் உண்மையானது.

வியர்த்தல் வரும் இரண்டு இடங்களையும் இப்பொழுது நோக்குவோம். எண்வகை மெய்ப்பாட்டையும் அவற்றின் நிலைக்களன்களையும் கூறி முடித்தபின், அவையல்லாத வேறு 32 மெய்ப்பாடுகளைத் தொல்காப்பியர் தொகுத்துரைக்கின்றார். அங்கு வியர்த்தல், பொறாமைக்கும் ஐயத்திற்கும் இடையே, யாதொரு சுவையோடும் பிணிக்கப்படாமல் நிற்கின்றது. இன்னது கருதி வியர்த்தல் என்னும் அடைமொழி இல்லை. அடுத்துக் களவொழுக்கத்தின் முதற்படியைக் கூறுமிடத்து அதுவே பொறிநுதல் வியர்த்தல் என்னும் பெயரோடு மீண்டும் வருகின்றது. இம்முறை அதற்கு இடம் உண்டு. முன்னும் பின்னும் உண்டு. முன்னது புகுமுகம் புரிதல். பின்னவை நகுநயம் மறைத்தல், சிதைவு பிறர்க்கின்மை என்பன. தலைவன் நோக்க, உட்கும் நாணும் ஒருங்கு எய்துதலால் தலைவியின் நுதல் வியர்த்தது என்பது உரை. தனித்து நின்றவழி வகையின்றி நின்ற குறி, வரிசையில் வைக்கப்பட்டவழிக் காதற்குறி ஆயிற்று. அவ்வாறாகியும் அது ஒற்றை உணர்வின் குறி அன்று. உட்கு, நாண் என்னும் இரண்டன் கலப்பு. எக்கருவியும் இக்கலப்பைப் பிரித்துத் தராது.

அவ்வரிசையின் ஒழுங்கு ஆழ்ந்து நோக்கத்தக்கது. நுதல் வியர்த்தலை முன்வைத்து, நகுநயம் மறைத்தலைப் பின்வைத்தார் ஆசிரியர். வியர்வையைத் தலைவியால் அடக்க இயலாது. முறுவலை அடக்க இயலும். முகத்தின் தசைகள் விருப்பின்வழிப்பட்டன. வியர்வைச் சுரப்பி அன்று. அடக்க இயலாதது முந்துற வெளிப்பட்டபின், அடக்க இயன்றவற்றைத் தலைவி ஒன்றன்பின் ஒன்றாக அடக்குகின்றாள். மேலும், உள்ளங்கையைக் கூறாது நுதலைக் கூறியதும் கருதத்தக்கது. உணர்ச்சி வியர்வைக்கு உள்ளங்கையே சிறந்த இடம் எனினும், எதிர்நின்று காண்பானுக்குப் புலப்படும் இடம் நுதலே. கருவிக்கு வேண்டியது ஒன்று. காதலனுக்கு வேண்டியது மற்றொன்று.

விருப்பின்வழிப்படாதது என்பதற்கும் ஒரு புறனடை காட்டலாம். 1957இல் வெங்கர், பாக்சி என்னும் இரு ஆய்வாளர்கள் இந்தியாவிற் பல இடங்களுக்குச் சென்று யோகப் பயிற்சியாளரின் உடற்குறிகளை அளந்தனர். 1961இல் முடிபுகளை வெளியிட்டனர். அவர்கள் கண்டோருள் ஒருவர் வேண்டியவழித் தம் நெற்றியை வியர்க்கச் செய்ய வல்லவராயிருந்தார். இமயத்துக் குகைகளிற் குளிர்காலத்தைக் கழித்த காலத்தே, கடும் வெப்பத்திடை இருப்பதாகத் தம்மைக் கருதிப் பயின்றதன் பயன் அது. அவரும் சுரப்பியை நேரே ஏவினார் அல்லர். சுவைப்பொருளை உள்ளத்தே படைத்துக்கொண்டார், சத்துவம் பின்வந்தது. கூத்தருக்கு இது வியப்பன்று. மெய்ப்பாட்டியல் பண்ணை என்னும் ஆடுகளச் சொல்லோடு தொடங்குதலும் ஈண்டு நினைக்கத்தக்கது.

இராமச்சந்திரன் ஆய்வுகள்

இத்துறையில் தமிழர் ஒருவர் பெயர் உலகெங்கும் அறியப்பட்டுள்ளது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியிற் பயின்று, பின்னர்க் கலிபோர்னியாவின் சான் தியேகோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய வி. எஸ். இராமச்சந்திரன் தோலின் மின்மாற்றத்தைத் திறம்படப் பயன்படுத்தியவர். 1997இல் ஹிர்ஸ்டீன் என்பாருடன் அவர் வெளியிட்ட ஆய்வு ஒரு விந்தை நோயைப் பற்றியது. தலையில் அடிபட்ட இளைஞர் ஒருவர், தம் பெற்றோரைக் கண்டு, 'இவர்கள் என் பெற்றோரைப் போன்ற வேற்றவர்' என்று சாதித்தார். முகத்தை நன்கு அறிந்தார். அன்பு மட்டும் எழவில்லை. அறிந்த முகத்தைக் கண்டவழிப் பிறரிடத்து எழும் மின்னலை இவரிடத்து எழவில்லை. முகத்தை அறியும் மூளைப்பகுதிக்கும் உணர்ச்சிப்பகுதிக்கும் இடையே தொடர்பு அறுந்தது என்பது அவர்கள் தந்த விளக்கம். இதற்கு நேர்மாறானதை 1985இல் டிரானல், தமாசியோ ஆகியோர் கண்டிருந்தனர். முகங்களை அடையாளம் காணும் ஆற்றல் இழந்தோர், 'இவர் யாரென அறியேன்' என்று வாயாற் கூறுகையிலேயே, அறிந்த முகத்திற்கு அவர்தம் தோல் அலை காட்டியது. உணர்வும் குறிப்பும் சத்துவமும் வேறு வேறு எனப் பிரித்த உரையாசிரியர் பாகுபாடு வெறும் எண்ணிக்கை விளையாட்டு அன்று என்பதற்கு இவ்விரு நோய்களும் சான்று. ஒன்று இருக்க மற்றொன்று இல்லாது போதல் கூடும்.

அவர்களே 1999இல் கலையனுபவத்தின் நரம்பியல் விதிகளை ஆராயும் கட்டுரை ஒன்றை எழுதினர். வடமொழியாரின் இரசக் கொள்கையையும் சோழர்காலத்துச் செப்புத்திருமேனியின் வனப்பையும் அதில் எடுத்தாண்டனர். ஓவியமோ சிற்பமோ எவ்வளவு கிளர்ச்சி ஊட்டுகின்றது என்பதைத் தோலின் மின்மாற்றத்தால் அளக்கலாம் என்றும், வாய்ச்சொல் மனத்தால் திருத்தப்பட்டு வருதலின் அதனினும் இது நேரிய அளவு என்றும் கூறினர். இக்கூற்றிற் பாதி ஏற்கத்தக்கது. நூல்நயம் பற்றிய வாய்ச்சொற்களில் எவ்வளவு நாணும் நாகரிகமும் கலந்துள்ளன என்பதைத் தமிழ்த்துறையில் இருப்போர் நன்கறிவர். மறுபாதி ஏற்கத்தக்கது அன்று. செப்புத்திருமேனியைக் கண்டு எழுந்த அலையும், அதன் பீடத்தடியில் ஓடிய தேளைக் கண்டு எழுந்த அலையும் கருவிக்கு ஒன்றே. தேளால் எழுந்தது பெரிதாகவும் இருக்கும். அலையின் உயரம் கலையின் உயரம் ஆகாது.

அவையேறிய வியர்வை

தனித்த குறியைக் கொண்டு உள்ளத்தை முடிவுகட்டுதலின் தீங்கு முழுதும் தோன்றுமிடம் பொய்யறி சோதனை. மூச்சு, குருதியழுத்தம், நாடி ஆகியவற்றோடு தோலின் மின்மாற்றத்தையும் ஒருங்கு பதியும் கருவி அது. 1921இல் லார்சன் அமைத்ததில் தோற்குறி இல்லை. அதனைப் பின்னர்ச் சேர்த்தவர் கீலர். இந்தியாவிலும் குற்ற ஆய்வில் இது வழக்கிற்கு வந்தது. ஐயத்திற்குட்பட்டோர் இசையாத இடத்தும் நடத்தப்பெற்றது. அதனை எதிர்த்து எழுந்த முறையீடுகளை ஒருங்கே ஆராய்ந்து, செல்வி எதிர் கர்நாடக அரசு என்னும் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் 2010 மே 5ஆம் நாள் தீர்ப்பளித்தது. ஒருவரை அவர் இசைவின்றி இச்சோதனைக்கு உட்படுத்துதல், தமக்கு எதிராகத் தாமே சாட்சியாகுமாறு எவரையும் வற்புறுத்தலாகாது என்னும் அரசியலமைப்பின் 20(3) உறுப்புக்கும், உயிர்க்கும் உரிமைக்கும் காப்பளிக்கும் 21ஆம் உறுப்புக்கும் மாறானது என்பது தீர்ப்பு. இசைந்து உட்பட்டவழியும் சோதனை முடிபு தானே சான்றாகாது; சோதனையின்போது தம் எதிர்வினைகளை ஆளும் நிலையில் அவர் இல்லை என்பதே காரணம். இசைவோடு நடந்த சோதனையின் துணையால் பின்னர்க் கண்டெடுக்கப்படும் பொருளையோ செய்தியையோ மட்டும் அக்காலத்துச் சாட்சியச் சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி ஏற்கலாம் என்றது. நடுக்கம், கவலை, அச்சம், குழப்பம் ஆகியவையும் பொய்யைப் போன்றே குறிகளைத் தோற்றுவிக்கும் என்பதையும் நீதிமன்றம் கருத்திற் கொண்டது. அமெரிக்க நாட்டுத் தேசிய ஆராய்ச்சிக் கழகமும் 2003இல் இக்கருவியை ஆராய்ந்து, பணியாளரைப் பாதுகாப்புக் கருதி வடிகட்டுதற்கு இதன் துல்லியம் போதாது என்றே முடிவுசெய்திருந்தது.

அச்சத்தின் நிலைக்களன் நான்கனைத் தொல்காப்பியர் கூறுமிடத்தை ஈண்டு நினைவுகூர்க. அணங்கு, விலங்கு, கள்வர் என்பவற்றோடு தம் இறையையும் அவர் சேர்க்கின்றார். ஆளும் மேலோர் முன் நிற்றலே அச்சத்திற்குத் தனிப்பட்டதொரு நிலைக்களன். குற்றம் செய்தவன் குற்றத்தை நினைந்து அஞ்சுவான், செய்யாதவன் இறையை நினைந்து அஞ்சுவான். இருவர் உள்ளங்கையும் நனையும். கொப்பரையருகே நின்றவனைக் காவலர் அழைத்த எடுத்துக்காட்டை மீண்டும் நோக்குக. அவன் கை நனைந்தமைக்கு அழைப்பே போதும். வேறு காரணம் வேண்டா. எழுத்தறிவும் பொருளும் துணையும் இல்லாதார் இறைமுன் அஞ்சும் அச்சம் ஏனையோரினும் மிகும் ஆதலின், இக்கருவியால் ஊறு நேரின் அது அவர்க்கே முந்துற நேரும்.

கருவியை முற்றும் தள்ளவும் வேண்டுவதில்லை. 1959இல் லிக்கன் வேறொரு முறை வகுத்தார். 'நீ செய்தாயா?' என வினவாமல், குற்றவாளியும் ஆய்வாளரும் மட்டுமே அறிந்த செய்தி ஒன்றைப் பொருந்தாத பிற செய்திகளுக்கிடையே வைத்துச் சொல்லுதல் அம்முறை. களவுபோனது மோதிரமா, சங்கிலியா, கடிகாரமா என வரிசையாகக் கூறுமிடத்து, உண்மை அறியாதவனுக்கு எல்லாம் ஒரு தன்மைய. அறிந்தவனுக்கு ஒன்று மட்டும் வேறாகும். அவன் தோல் அதற்கே மிகுதியாக அலை காட்டும். ஜப்பானியக் காவல்துறை இம்முறையை விரிவாகக் கையாள்கின்றது. பொதுவான அச்சம் எல்லாச் செய்திக்கும் சமமாகப் பரவுதலின் கழிந்துவிடுகின்றது. குறியைத் தனியே நோக்காது வரிசையில் வைத்து நோக்குவது இது. திருவள்ளுவர் குறிப்பறிதல் என்னும் ஒரே தலைப்பைப் பொருட்பாலில் 71ஆம் அதிகாரத்திற்கும் காமத்துப்பாலில் 110ஆம் அதிகாரத்திற்கும் இட்டதன் நயமும் இதனோடு ஒப்புநோக்கத்தக்கது. முகம் ஒன்றே, அரசவையில் அது கூறுவது வேறு, காதலர் எதிர்ப்பாட்டில் கூறுவது வேறு.

பாட்டைக் கேட்போர் தோல்

தமிழ்த்துறையினர்க்கு இக்கருவியால் பயன் உண்டா எனின், உண்டு என்பதே என் கருத்து. வினாவைத் திருத்தமாக எழுப்புதல் வேண்டும். 'எப்பாட்டு உயர்ந்தது?' என்பது கருவிக்குரிய வினா அன்று. 'பாட்டின் எவ்விடத்தில் கேட்போர் கிளர்கின்றனர்?' என்பது உரியது. ஜெர்மனி நாட்டுப் பிராங்க்பர்ட் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் அழகியல் ஆய்வு நிறுவனத்தினர் 2017இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், ஜெர்மன் பாட்டுகளைப் படிக்கக் கேட்போரிடத்து உடல் சிலிர்ப்பு எவ்விடத்து நிகழ்கின்றது என நோக்கினர். மயிர்க்கூச்செறிதலைப் படக்கருவியாலும் பதிந்தனர். அடியின் இறுதி, அடித்தொகுதியின் இறுதி, பாட்டின் இறுதி ஆகிய இடங்களிலேயே சிலிர்ப்பு மிக்கிருந்தது.

இம்முடிபு யாப்பு பயின்றார்க்குப் பெரியதொரு வினாவைத் தருகின்றது. நேரிசை ஆசிரியப்பாவின் ஈற்றயலடி முச்சீரால் வருவது. நாற்சீர் நடைக்குப் பழகிய செவி அவ்வடியில் ஒரு சீர் குறையக் காண்கின்றது. பாட்டு முடிவை எய்தப் போகின்றது என்பதைப் பொருள் கூறுமுன் ஓசை கூறிவிடுகின்றது. நிலைமண்டில ஆசிரியப்பாவில் இம்முன்னறிவிப்பு இல்லை. எல்லா அடியும் நாற்சீரே. இவ்விரு வகைப் பாட்டுகளையும் ஒத்த பொருளும் ஒத்த அளவும் உடையனவாகத் தேர்ந்து, குளிர்ந்த அறையில், ஒரே குரலில் படித்துக் கேட்பித்து, கேட்போரின் மூச்சையும் உடன் பதிந்து, தோலின் அலை ஈற்றயலடியில் எழுகின்றதா, ஈற்றடியில் எழுகின்றதா என நோக்கலாம். அலை ஒன்றிரண்டு நொடி தாழ்ந்து வருவது ஆதலின் அக்காலத் தாழ்வைக் கழித்துக் கணக்கிடல் வேண்டும். யாப்பு அறிந்தாரையும் அறியாதாரையும் தனித்தனியே வைத்து அளத்தலும் இன்றியமையாதது.

பிறிதொரு சோதனையும் செய்யத்தக்கது. ஒரே தூண்டலை மீண்டும் மீண்டும் தந்தால் தோலின் அலை படிப்படியாகச் சிறுத்து மறையும். உளவியலார் நன்கறிந்த உண்மை இது. நல்ல பாட்டோ பயிலுந்தோறும் இனிக்கும் என்கின்றோம். ஒரு குறுந்தொகைப் பாட்டைப் பத்து நாள் தொடர்ந்து ஒருவர் கேட்பாராயின், பத்தாம் நாள் அவர் விரலில் எழும் கோடு முதல்நாட் கோட்டினும் தாழ்ந்திருக்குமா, ஒரு குறிப்பிட்ட சீருக்கு மட்டும் தாழாது நிற்குமா என்பது அளந்து அறியற்பாலது.